வட்டுக்கோட்டைக்குப் பெயர்ந்த குடும்பங்கள்: ஒரு கடலோரக் கல்வி ஊரின் இல்ல வரலாறு (1816–1855)

ஆய்வுச்சுருக்கம்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாறு இதுவரை பாடத்திட்டம், மதமாற்றம், ஆங்கிலக் கல்வி, தமிழ்ப் பணி ஆகிய கோணங்களிலேயே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்கள் மணமாகிச் சில வாரங்களோ மாதங்களோ கழிந்த நிலையில் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்ட இளந்தம்பதியர் என்பது பெரும்பாலும் வாழ்க்கைக் குறிப்பாக மட்டுமே சொல்லப்படுகிறது. குடும்பமாகப் பெயர்ந்து வந்த அந்நிலையே செமினரியின் அமைவிடம், ஆசிரியர் வரவு, விடுதி நடைமுறை, தொடர்ச்சி ஆகியவற்றைப் பெருமளவு தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. பிறர் பிள்ளைகளுக்கு உயர்கல்வி தர வந்தவர்கள் தம் பிள்ளைகளை அதே காரணத்திற்காகக் கடல் கடத்தி அனுப்பிய முரணையும் இது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வட்டுக்கோட்டைச் செமினரி, அமெரிக்க இலங்கை மிசன், குடும்பப் பெயர்வு, இல்ல வரலாறு, யாழ்ப்பாணக் கல்வி, உடுவில்

முன்னுரை

யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே, கடல்நீரேரிக்கு அண்மையில் உள்ள ஊர் வட்டுக்கோட்டை. ஆறில்லாத யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் மாரிக்காலத்தில் மட்டும் நீரோடும் வழுக்கியாறு, இதனை அடுத்த அராலிப் பகுதியில் கடலைச் சேர்கிறது. பனந்தோப்பும் வயலும் கிணற்று நீரும் கொண்ட இவ்வூரில் 1823-ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிகள் ஓர் உயர்கல்விக் கூடத்தை நிறுவினர். தமிழில் 'சாத்திரசாலை' என்று வழங்கிய அக்கூடம் 1855 வரை நடந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை, 'கரோல்' விசுவநாதபிள்ளை, 'ஆர்னல்ட்' சதாசிவம்பிள்ளை, 'நெவின்ஸ்' சிதம்பரப்பிள்ளை முதலியோர் அங்குப் பயின்றவர்கள். தமிழ்ப் பதிப்பு, இதழியல், அகராதி, மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் அதன் தாக்கம் நன்கறியப்பட்டது.

ஒரு கல்விக்கூடம் கட்டடத்தாலும் நூலாலும் மட்டும் இயங்குவதில்லை. அதில் கற்பிப்போர் எங்கு வாழ்ந்தனர், யார் சமைத்தனர், நோயுற்றால் யார் பார்த்தனர், அவர்தம் குழந்தைகள் எங்குப் படித்தனர் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் அதன் வரலாறு நிறைவுறாது. இவ்வினாக்களுக்கு உதவும் சான்றுகள், மிசனரிகள் அமெரிக்காவிற்கு எழுதிய கடிதங்களும் அவர்களைப் பற்றிய நினைவு நூல்களும் ஆகும். இவை நன்கொடையாளர் படிப்பதற்காகத் தேர்ந்தும் திருத்தியும் அச்சிடப்பட்டவை. பெண்களின் எழுத்துகள் பல, கணவர்களால் தொகுக்கப்பட்டு அவர்தம் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தன. வீட்டில் பணிபுரிந்த தமிழர் பெரும்பாலும் பெயரின்றியே சுட்டப்படுகின்றனர். இவ்வரம்புகளை மனத்திற்கொண்டே இச்சான்றுகளை அணுக வேண்டியுள்ளது.

1. கடலைக் கடந்த இளந்தம்பதியர்

1810-இல் தோன்றிய அமெரிக்க வெளிநாட்டு மிசன் சங்கம், பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. அச்சங்கம் 1812-இல் கல்கத்தாவிற்கு அனுப்பிய முதற்குழுவினரைக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்குத் தங்க விடவில்லை. அக்குழுவில் ஒருவரான சாமுவேல் நியூவெல் தம் மனைவி ஹேரியட்டுடன் மொரீசியசை நோக்கிச் சென்றார். வழியில் பிறந்த பெண்குழந்தை இறந்தது. 1812 நவம்பரில் ஹேரியட்டும் மொரீசியசில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 19. தனித்து இலங்கையை அடைந்த நியூவெல், யாழ்ப்பாணம் மிசன் பணிக்குரிய இடம் எனச் சங்கத்திற்குப் பரிந்துரைத்தார். ஆகவே யாழ்ப்பாணத் தெரிவின் பின்னணியிலேயே சிதைந்துபோன ஓர் இளங்குடும்பத்தின் கதை நிற்கிறது. ஹேரியட் நியூவெல்லின் நினைவு நூல் அமெரிக்காவில் பரவலாகப் படிக்கப்பட்டது. பின்னால் புறப்பட்ட பெண்கள், நேரக்கூடியது இன்னதென்று அறிந்தே கப்பலேறினர்.

1815 அக்டோபர் 23 அன்று மாசசூசெட்சு மாநிலத்து நியூபெரிபோர்ட் துறையிலிருந்து 'டிரையட்' என்னும் கப்பல் புறப்பட்டது. டேனியல் பூர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் தம் மனைவியருடனும், எட்வர்ட் வாரன் தனியராகவும் அதில் வந்தனர். பூருக்கும் சூசன் புல்ஃபிஞ்சுக்கும் திருமணம் நடந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஐந்து மாதப் பயணத்தின்பின், 1816 மார்ச் 22 அன்று கொழும்பை அடைந்தனர். ஆளுநர் பிரௌன்றிக் அவர்களை வரவேற்று, யாழ்ப்பாணத்தில் தங்க இசைவளித்தார்.

இரண்டாம் குழு 1819 ஜூனில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. லீவை ஸ்போல்டிங், மைரன் வின்சுலோ, ஹென்றி உட்வர்ட், மருத்துவர் ஜான் ஸ்கடர் ஆகிய நால்வரும் மணமானவர்கள். ஸ்கடரின் சிறுமகள் கல்கத்தாவை அடைந்த நிலையில் இறந்தாள். குடும்பம் யாழ்ப்பாணத்தில் கால்வைக்கும் முன்னரே அதன் முதல் இழப்பு நேர்ந்துவிட்டது.

2. கூரையற்ற கோயிலும் குடியிருப்பும்

வந்தவர்களுக்குக் கிடைத்தவை, போர்த்துக்கீசர் காலத்தில் தோன்றி ஒல்லாந்தர் காலத்தில் திருத்திக் கட்டப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்ட தேவாலயங்களும் அவற்றைச் சார்ந்த மனைகளுமே. பூரும் வாரனும் தெல்லிப்பழைக்கும், மெய்க்சும் ரிச்சர்ட்சும் வட்டுக்கோட்டைக்கும் ஒதுக்கப்பட்டனர். வட்டுக்கோட்டைத் தேவாலயத்தின் தடித்த சுவர்கள் நின்றனவே அன்றிக் கூரை இருக்கவில்லை. குடியிருப்பைப் பழுதுபார்த்த பின்னரே 1817-இல் குடும்பங்கள் அங்குக் குடியேற முடிந்தது.

இவ்விடத்தெரிவில் கல்விநோக்கம் முதற்காரணமாக இருக்கவில்லை. பெருஞ்சுவர்களும் கிணறும் விரிந்த வளவும் இருந்தமையால் அது குடும்பங்கள் தங்கக்கூடிய இடமாயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து உயர்கல்விக்கூடம் தொடங்க எண்ணியபோது, ஏற்கெனவே பழுதுபார்க்கப்பட்டுக் குடியிருந்துவந்த அவ்வளவே அதற்கும் பொருத்தமாக அமைந்தது. வட்டுக்கோட்டை கல்வி ஊரானது அது முதலில் குடியிருப்பு ஊரானதன் தொடர்ச்சியே.

குடியிருப்பின் விலை விரைவிலேயே தெரிந்தது. நுரையீரல் நோயுற்ற வாரனும் ரிச்சர்ட்சும் நலம்நாடி 1818-இல் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றனர். வாரன் அங்கேயே இறந்தார். திரும்பி வந்த ரிச்சர்ட்ஸ் 1822-இல் மறைந்தார். தெல்லிப்பழையில் சூசன் பூர் 1821 மே மாதம் காலமானார். வந்து ஏழாண்டுகள் நிறைவதற்குள் முதற்குழுவின் மூன்று குடும்பங்களில் இரண்டு குலைந்துவிட்டன. டேனியல் பூர் 1823-இல் ஆன் நைட்டை மறுமணம் புரிந்தார். ஆன், நல்லூரில் பணியாற்றிய ஆங்கிலத் திருச்சபை மிசனரி ஜோசப் நைட்டின் சகோதரி. அதே ஆண்டு பூர், தெல்லிப்பழையை விட்டு வட்டுக்கோட்டைக்குப் பெயர்ந்து புதிய கல்விக்கூடத்தின் தலைமையை ஏற்றார். புதிய குடும்பம் அமைந்ததும் புதிய கல்விக்கூடம் தொடங்கியதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை கருதத்தக்கது.

3. ஆறு குடும்பங்களும் ஒரு கல்விக்கூடமும்

பிரௌன்றிக்கிற்குப் பின் ஆட்சிப்பொறுப்பேற்ற எட்வர்ட் பார்ன்ஸ் அமெரிக்கர்பால் வேறு கொள்கை கொண்டிருந்தார். 1820-இல் வந்த அச்சாளர் ஜேம்ஸ் கேரெட் இலங்கையில் தங்க இசைவு மறுக்கப்பட்டு இந்தியாவிற்குச் செல்ல நேர்ந்தது. அதன்பின் 1833 வரை புதிய அமெரிக்க மிசனரி எவரும் யாழ்ப்பாணத்தில் சேர்க்கப்படவில்லை. அந்நியராகிய அமெரிக்கர் 'கல்லூரி' என்ற பெயரில் நிறுவனம் நடத்தவும் அரசு இசையவில்லை. 1823 மார்ச்சில் வெளியான திட்டம் 'கல்லூரி' என்றே பேசியபோதும், நிறுவனம் முதலில் 'மத்திய பள்ளி' என்றும் பின்னர்ச் 'செமினரி' என்றும் வழங்கியது.

இத்தடை குடும்ப வரலாற்றிற்கு முதன்மையான சான்று. 1823-இல் செமினரி தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் இருந்தவை மெய்க்ஸ், பூர், ஸ்போல்டிங், வின்சுலோ, உட்வர்ட், ஸ்கடர் ஆகிய ஆறு குடும்பங்களே. அடுத்த பத்தாண்டுகளுக்கு இவர்களுள் ஒருவர் இறந்தாலோ நோயுற்றாலோ மாற்றாள் வர வழியில்லை. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்னும் ஐந்து நிலையங்களையும் ஓர் உயர்கல்விக்கூடத்தையும் இவர்களே தாங்கினர். ஆதலால் மனைவியரின் உழைப்பு துணைப்பணியாக நிற்காமல் மாற்றில்லாத பணியாயிற்று. சங்கத்தின் பட்டியலில் அவர்கள் 'உதவியாளர்' என்ற நிலையிலேயே வைக்கப்பட்டிருந்தனர்.

1833-இல் தடை நீங்கியபின் வந்த குழுவில் ஹென்றி ஹொய்சிங்டனும் மருத்துவர் நாதன் வார்டும் இருந்தனர். 1834-இல் அச்சாளர் மைனர் வந்து சேர, மானிப்பாயில் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841 ஜனவரியில் 'உதயதாரகை' இதழ் வெளிவந்ததும் இதன் விளைவே. தடைக்காலத்தில் நிறுவனத்தைத் தாங்கிய குடும்பங்கள் இல்லையேல், தடை நீங்கியபோது வந்தோர்க்குச் சேர்வதற்கோர் இடமே இருந்திராது.

4. இல்லத்தை ஒட்டிய விடுதி

1823 ஜூலையில் தொடங்கிய கல்விக்கூடம், நிலையங்கள்தோறும் மிசனரி இல்லங்களை ஒட்டி நடந்த விடுதிப் பள்ளிகளிலிருந்தே தன் மாணவரைப் பெற்றது. அச்சிறுவர் பலர் அமெரிக்க நன்கொடையாளரின் உதவியால் படித்தனர். உதவியவர் விரும்பிய பெயர் சிறுவனுக்குச் சூட்டப்பட்டது. ஆர்னல்ட், நெவின்ஸ், கரோல், எவாட்ஸ் முதலிய பெயர்கள் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற வழி இதுவே. இவர்களும் ஒருவகையில் குடும்பம் பெயர்ந்தவர்கள்தாம். பிறந்த வீடு சில கல் தொலைவில் இருந்தபோதும் பெயரும் உணவு நேரமும் உறக்கமும் புதிய இல்லத்தின் ஒழுங்கிற்கு உட்பட்டன.

ஆனால் அவ்வொழுங்கு ஒருதலைப்பட்சமாக அமையவில்லை. வேளாளர் குடும்பத்துச் சிறுவர் மிசன் வளவிற்குள் சமைத்த உணவை உண்ண மறுத்தனர். தொடக்கத்தில் வளவிற்கு வெளியே சமையற்கூடம் அமைத்து, அவர்கள் ஏற்கும் சாதியைச் சேர்ந்த சமையற்காரரை அமர்த்த வேண்டியிருந்தது. மிசன் இல்லத்தின் அடுக்களை எல்லையை வகுத்ததில் ஊராரின் சாதி வழக்கிற்குப் பெரும் பங்கு இருந்தது. புதிதாக வந்த குடும்பம் ஊரைத் தன் வழிக்குக் கொண்டுவரும் முன்னர், ஊரின் வழக்கிற்குத் தான் இணங்க நேர்ந்ததை இது காட்டுகிறது. கல்விக்கூடம் சாதி வேற்றுமையை எதிர்த்ததாகச் சொல்லப்படும்போது, அதன் முதல் உலையே சாதி நோக்கி மூட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெண்கல்வியும் இல்லத்திலிருந்தே கிளைத்தது. ஹேரியட் வின்சுலோ 1824-இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி, தம் இல்லத்தை ஒட்டி நடந்த சிறு முயற்சியின் விரிவாகும். செமினரியில் பயின்ற இளைஞர்க்குக் கற்ற மனைவியர் அமைய வேண்டும் என்பது அப்பள்ளியின் நோக்கங்களுள் ஒன்று. தாம் வாழ்ந்த குடும்ப முறையையே அவர்கள் கல்வியின் இலக்காகவும் வைத்தனர்.

மருத்துவத்திற்கும் இதுவே பொருந்தும். மிசன் மருத்துவர்க்குரிய கடமைகளுள் ஒன்று மிசன் குடும்பங்களின் உடல்நலம் பேணுவது. ஸ்கடர் பண்டத்தரிப்பிலும் வார்டு வட்டுக்கோட்டையிலும் அப்பணியோடு ஊர்மக்களுக்கும் மருத்துவம் பார்த்தனர். 1847-இல் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வி தொடங்கிப் பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழ் மருத்துவ நூலாக்கத்திற்கு முன்வரலாறாகக் குடும்பங்களின் நோய் அச்சம் நிற்கிறது.

5. தம் பிள்ளைகளும் பிறர் பிள்ளைகளும்

செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் மெய்யியலும் கற்பிக்கப்பட்டன. அரசுச் செயலர் எமர்சன் டெனன்ட் 1850-இல் வெளியிட்ட நூலில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத்தக்க தரத்தை அதற்கு வழங்கினார். ஆயினும் அதை நடத்தியவர்கள் தம் பிள்ளைகளுக்கு அக்கல்விக்கூடம் போதும் என்று கருதவில்லை. ஏறத்தாழப் பத்து வயதை எட்டியதும் பிள்ளைகளை அமெரிக்காவிற்கு அனுப்புவது வழக்கமாயிற்று. போதிய பள்ளி இல்லை என்பதும் தட்பவெப்பமும் வெளிப்படையான காரணங்கள். ஆயாக்களிடமும் வேலையாட்களிடமும் தமிழை இயல்பாகக் கற்று வளரும் பிள்ளை, ஊரின் வழக்கங்களையும் தனதாக்கிக்கொள்ளும் என்னும் அச்சம் மற்றொரு காரணம்.

இங்கேதான் இப்பெயர்வின் ஆழ்ந்த முரண் வெளிப்படுகிறது. ஊரோடு கலந்து உரையாடுவதற்காக வந்த பெற்றோர், தம் பிள்ளைகள் ஊரோடு கலப்பதை அஞ்சினர். தமிழ்ச் சிறுவனை அவன் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் வளர்ப்பது அவனுக்கு நன்மை என்று நம்பிய அதே உள்ளம், தன் மகனைத் தன்னிடமிருந்து பிரித்துக் கடல் கடத்துவதும் அவனுக்கு நன்மை என்று நம்பியது. இரு பிரிவுகளுக்கும் அடிப்படை ஒன்றே: பிள்ளை வளரும் சூழலே அவனை ஆக்குகிறது என்ற எண்ணம். இவ்வெண்ணத்தில் அவர்கள் தம்மளவில் நேர்மையாக இருந்தனர். ஆனால் அதன் விளைவை இரு தரப்புத் தாய்மாரும் தாங்கினர்.

வின்சுலோ தம்பதியரின் மகன் சார்ல்ஸ் 1821 ஜனவரியில் உடுவிலில் பிறந்தான். கல்விக்காக அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்ட அவன், 1832 மே மாதம் நியூயார்க்கில் இறந்தான். அவன் வயது 11. கப்பல் செல்லவே பல மாதங்கள் பிடித்த அக்காலத்தில், கடிதமும் அத்தனை மாதங்கள் கழித்தே வரும். மகன் உயிரோடு இருப்பதாக எண்ணிப் பெற்றோர் கழித்த மாதங்களை எந்த ஆண்டறிக்கையும் கணக்கிடுவதில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஹேரியட் வின்சுலோவும் உடுவிலில் காலமானார். 1835-இல் மைரன் வின்சுலோ வெளியிட்ட நினைவு நூல்வழியே இக்குடும்பத்தின் அகவாழ்வு நமக்குக் கிட்டுகிறது. பின்னர்ச் சென்னைக்குப் பெயர்ந்த அவர், 1862-இல் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியால் தமிழுலகில் நிலைத்தார். அவ்வகராதிக்கான தொடக்கப் பணியைச் செய்தவர் மேலே சுட்டிய ஜோசப் நைட். குடும்ப உறவும் புலமை உறவும் இங்குப் பின்னிக் கிடக்கின்றன.

பிரிந்து சென்ற பிள்ளைகள் அனைவரும் திரும்பாமல் போகவில்லை. ஸ்கடரின் மகன் ஹென்றி மார்ட்டின் 1822-இல் பண்டத்தரிப்பில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, 1844-இல் தமிழ்நாட்டிற்கு மிசனரியாக வந்தார். அவரும் உடன்பிறந்தாரும் 1853-இல் ஆர்க்காடு மிசனை அமைத்தனர். வேலூர் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இக்குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை.

6. குடும்பமின்றி வந்த ஒருவர்

குடும்பப் பெயர்வின் தாக்கத்தை மதிப்பிட ஓர் ஒப்பீடு துணைசெய்யும். 1840-இல் எலைசா ஆக்னியூ மணமாகாத ஆசிரியையாக யாழ்ப்பாணம் வந்தார். உடுவில் பெண்கள் பள்ளியை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடத்தினார். ஒருமுறையேனும் தாய்நாடு செல்லாமல் 1883-இல் மானிப்பாயில் மறைந்தார். தம் மாணவியரின் புதல்வியரையும் பேத்தியரையும் கற்பித்த பெருமை அவருக்குண்டு.

செமினரித் தலைமையில் இத்தகைய தொடர்ச்சி இல்லை. பூர் 1830-களின் நடுவில் மதுரை மிசனுக்குப் பெயர்ந்தார். அடுத்துத் தலைமையேற்ற ஹொய்சிங்டன் உடல்நலம் குன்றி 1849-இல் அமெரிக்கா திரும்பினார். சிவஞானபோதம் உள்ளிட்ட சைவ சித்தாந்த நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவர் 1854-இல் அங்கிருந்தே வெளியிட்டார். உடுவிலின் நிலைத்தன்மைக்கும் வட்டுக்கோட்டையின் தலைமை மாற்றங்களுக்கும் காரணங்கள் பல. எனினும் அனுப்பி வைக்கப் பிள்ளைகள் இல்லாத ஒருவரால் தங்க முடிந்த அளவு, குடும்பத்தோர் பலரால் தங்க முடியவில்லை என்பது தெளிவு. ஸ்போல்டிங் தம்பதியர் இதற்கு விதிவிலக்கு. லீவை ஸ்போல்டிங் 1873-இல் மறையும்வரை யாழ்ப்பாணமே அவர்தம் பணிக்களமாயிருந்தது.

7. மூடலும் எதிர்த்திசைப் பெயர்வும்

1855-இல் சங்கச் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து ஆய்ந்தபின் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மாணவரைச் சமயப் பணிக்கு அன்றி அரசுப் பணிக்கே இட்டுச்செல்கிறது என்பது முதன்மைக் காரணம். அதே ஆண்டு டேனியல் பூர் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். மதுரையிலிருந்து மீண்டும் யாழ்ப்பாணம் வந்து, இடையில் ஒருமுறை அமெரிக்கா சென்று திரும்பியவர் அவர். அவர் தொடங்கிய கல்விக்கூடமும் அவரும் ஓராண்டிலேயே முடிவெய்தினர்.

மூடலுக்குக் காரணமாகக் காட்டப்பட்ட அதே போக்கு, யாழ்ப்பாணக் குடும்பங்களின் வரலாற்றில் ஒரு தொடக்கமாகும். ஆங்கிலம் கற்றோர் கொழும்பிற்கும் சென்னைக்கும், பின்னர் மலாயாவிற்கும் தம் இளங்குடும்பங்களோடு பெயர்ந்தனர். தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை கள்ளிக்கோட்டை என்னும் மற்றொரு கடலோர ஊரில் ஆசிரியப்பணி ஏற்றார். வட்டுக்கோட்டைக்கு வந்தோர் கண்ட வினாக்கள் யாவும் இப்போது வட்டுக்கோட்டையிலிருந்து சென்றோர்க்கு உரியவாயின.

மூடிய கல்விக்கூடத்தை மீட்க முனைந்தோருள் அதன் பழைய மாணவரும் ஊர்க் கிறித்தவரும் முன்நின்றனர். அதன் பயனாக 1872-இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. நீதிபதி ரிச்சர்ட் ஒட்லியின் பெயர்தாங்கிய ஒட்லி மண்டபம் அங்கு இன்றும் நிற்கிறது.

முடிவுரை

வட்டுக்கோட்டைச் செமினரியை ஒரு கல்வி நிறுவனமாக மட்டும் காணும் பார்வை அதன் பாதியையே காண்கிறது. கூரையிழந்த பழைய வளவில் குடும்பங்கள் வாழத் தொடங்கியமையே அங்குக் கல்விக்கூடம் அமைய வழிவகுத்தது. அரசின் தடைக்காலத்தில் அதனைத் தாங்கியது ஆறு இல்லங்களின் உழைப்பு. விடுதி முறையும் பெண்கல்வியும் மருத்துவக் கல்வியும் அவ்வில்லங்களை ஒட்டியே கிளைத்தன. அவ்வில்லங்களின் நோயும் இறப்பும் பிள்ளைப் பிரிவும் அதன் தொடர்ச்சியை அடிக்கடி அறுத்தன.

தம் பிள்ளைகளை வளர்க்கத் தகுதியற்றது என்று கருதிய ஊரில், பிறர் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்க முயன்றோரின் பணி நன்றிக்கும் வினாவுக்கும் ஒருங்கே உரியது. அவர்கள் அங்கு வாழ்ந்தனர். பலர் அங்கேயே புதைக்கப்பட்டனர். ஆயினும் அடுத்த தலைமுறைக்கு அவ்வூரைத் தம் ஊராகத் தர அவர்கள் துணியவில்லை. அதனை உரிமையோடு ஏற்றவர்கள், வேற்றுப்பெயர் சூடி அங்குப் படித்த தமிழ்ப் பிள்ளைகளே. 1855-இல் மூடிய கதவை 1872-இல் திறக்க வைத்ததும் அவ்வுரிமையுணர்வுதான். இனி இவ்வாய்வு, சான்றுகளில் பெயரின்றி நிற்கும் சமையற்காரர், ஆயாக்கள், மாணவரின் தாய்மார் ஆகியோரை நோக்கித் திரும்ப வேண்டும்.